கல்லின் வயதும் கல்பின் அச்சமும்

அருள்மறையாம் திருக்குர்ஆனின் 35-ஆவது அத்தியாயத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள இரு வசனங்கள் (27, 28) சிந்திப்போரைச் சற்றே நிறுத்தி வைக்கும் தன்மை உடையன. முதல் வசனம் வானிலிருந்து இறங்கும் மழையையும் அதனால் விளையும் பல நிறக் கனிகளையும் கூறிவிட்டு, நம் பார்வையை மலைகளின் பக்கம் திருப்புகிறது. மலைகளிலே வெள்ளை வரிகளும் சிவப்பு வரிகளும் அடர்ந்த கறுப்பு வரிகளும் உள்ளன என்பதை எடுத்துக் காட்டுகிறது. அடுத்த வசனம் மனிதர்களிடமும் விலங்குகளிடமும் உள்ள நிற வேற்றுமையைச் சொல்லிய கையோடு, இறைவனின் அடியார்களுள் அவனை உள்ளபடி அஞ்சுவோர் அறிவுடையோரே என்னும் கருத்துக்கு வந்து சேர்கிறது.

மழையில் தொடங்கிய பேச்சு பாறையைக் கடந்து அறிஞனின் உள்ளத்தில் போய் நிற்கிறது. பாறையின் வரிக்கும் அறிஞனின் அச்சத்துக்கும் என்ன உறவு? தொழுகையையும் நோன்பையும் பேசும் இடத்தில் அறிவுடையோரின் அச்சத்தைப் பேசியிருந்தால் நமக்கு வியப்பு இராது. கல்லைக் காட்டிவிட்டு அல்லவா கல்பை, அதாவது உள்ளத்தை, மறை பேசுகிறது! இங்கே 'கஷ்யத்' என்று கூறப்படும் அச்சம், புலியைக் கண்டு ஓடுகிறவனின் அச்சம் அன்று. ஒன்றின் மாண்பை அறிந்தவனுக்கு, அந்த அறிவின் காரணமாகவே உண்டாகும் பணிவு அது. அறியாதவனுக்கு அது வாய்ப்பதில்லை. இந்த உறவை விளங்கிக்கொள்ள விரும்புவோர், ஆறு ஒன்று மலையை அறுத்துச் சென்ற இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆறு அறுத்த மலை

அத்தகைய இடம் நமக்கு அண்டை மாநிலத்திலேயே உண்டு. ஆந்திர நாட்டின் கடப்பைப் பகுதியில், ஜம்மலமடுகு என்னும் ஊருக்கு அருகே, எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணை ஆறு பிளந்து கொண்டு செல்கிறது. அந்தப் பிளவின் விளிம்பில் எழுந்ததுதான் கண்டிக்கோட்டை. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. 'எர்ர' என்றால் சிவப்பு. ஆற்றின் பக்கத்தில் ஆறு வெட்டிய பள்ளமே கோட்டைக்கு இயற்கை அரணாக அமைந்துவிட்டது. கோட்டைக்குள்ளே ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. மாதவராயர் கோயிலும் ரங்கநாதர் கோயிலும் இருக்கின்றன. பெரிய தானியக் களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது. 1652-இல் பிரெஞ்சு நாட்டு வைர வணிகர் தவேர்னியே, கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவை இங்கே வந்துதான் சந்தித்தார். இன்று அந்தத் தளபதியும் இல்லை. அவர் வாள் ஏந்திக் காத்த கோல்கொண்டா அரசும் 1687-இல் மறைந்தது. கீழே ஆறு மட்டும் இருக்கிறது.

விளிம்பில் நின்று எதிர்ச் சுவரை நோக்கினால், செந்நிறப் பாறைப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏடு அடுக்கியது போல் தோன்றும். அவை வெறும் கற்கள் அல்ல. ஒரு காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் படிந்த மணல். மணல் மீது மணல் படிந்து, பாரத்தால் இறுகி, குவார்ட்சைட் என்னும் கடும் பாறையாயிற்று. கடப்பைப் படுகையின் பழைய பாறைகள் பல 150 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று நிலவியல் அறிஞர்கள் கணித்துள்ளனர். அப்படுகையின் பாறைகள் பலவற்றில், கடற்கரை ஈர மணலில் நாம் காண்பது போன்ற அலைத்தடங்கள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. நம் இல்லங்களில் அடுப்பங்கரை மேடைக்குப் பதிக்கிறோமே கடப்பைக் கல், அதுவும் அப்படுகையில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகியதுதான். நாள்தோறும் அதன்மீது பாத்திரத்தை வைக்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று எண்ணியதுண்டா?

அந்த அலைத்தடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த அலை எழுந்த நாளில் நிலத்திலே ஒரு புல் இல்லை, மரம் இல்லை. நீரிலே ஒரு மீன் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே பெரும்பாலும் இருந்தன. கரைக்கு வந்து திரும்பிய அந்த அலையைக் காண ஒரு கண்ணும் இல்லை. ஆயினும் அது எழுந்தது, படிந்தது, தன் சுவட்டை விட்டுச் சென்றது. படைப்புகள் யாவும் இறைவனைத் துதிக்கின்றன, அவற்றின் துதியை மனிதர்கள்தாம் உணர்வதில்லை என்று திருமறையின் 17-ஆவது அத்தியாயம் கூறுவதை நாம் ஓதியிருக்கிறோம். உணர்வதற்கு மனிதனே பிறவாத காலத்தில் நடந்த துதியின் தழும்பு அந்தக் கல்லில் கிடக்கிறது.

உலகறிந்த பெரும் பள்ளத்தாக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் என்னும் அப்பள்ளத்தின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் 1,800 மீட்டருக்கும் மேல். அதன் மேல் விளிம்பிலுள்ள பாறையின் வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடியில் உள்ள பழம்பாறையின் வயது 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பாறைகளே இவ்வளவு பழையன. அவற்றைக் கொலராடோ ஆறு அறுத்ததோ பெரும்பாலும் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளுக்குள்தான். கணக்கிட்டுப் பார்த்தால் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நம் விரல் நகத்தின் கனம்கூட இல்லை. அந்த அற்பத் தேய்மானம் நில்லாமல் நடந்ததனால் மலை பிளந்தது. சிறிதாயினும் விடாமல் செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் உட்பொருளுக்கு இதனினும் பெரிய உவமை வேண்டுமா?

வயதை அறிந்தது எவ்வாறு?

கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று சொல்கிறார்களே, யார் இருந்து பார்த்தார்கள் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். பாறைகள் சிலவற்றில் சிர்கான் என்னும் நுண்மணிகள் உள்ளன. மணல் துகளை ஒத்த அம்மணி உருவாகும்போது தன்னுள் சிறிது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை ஏற்பதில்லை. உள்ளே சிக்கிய யுரேனியம் மாறாத ஒரு கதியில் ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. யுரேனியத்தின் முதன்மை வகை பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் பிடிக்கின்றன. எனவே மணிக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு யுரேனியம் எஞ்சியிருக்கிறது என்று அளந்தால் அதன் வயது வெளிப்படுகிறது. ஈயத்தின் வகைகளை அளக்கும் முறையைக் கொண்டே அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன் 1956-இல் பூமியின் வயதை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். பின்னர் வந்த ஆய்வுகளும் அதனை ஒட்டியே நிற்கின்றன. கல்லுக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தவன் எவனோ, அதனைப் படிக்கும் அறிவை மனிதனுக்குத் தந்தவனும் அவனே.

இரு தவறான வழிகள்

ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் தயக்கத்தோடு கேட்டார்: "ஹஜ்ரத், கல்லூரியில் கோடி ஆண்டுகள் என்கிறார்கள். மறையில் ஆறு நாட்களில் படைத்ததாக இருக்கிறது. நான் எதை நம்புவது?" அவர் கண்களில் இருந்தது ஏளனமன்று, கவலை. இத்தகைய கவலையோடு நம் பிள்ளைகள் எத்தனை பேர் வாய் திறவாமல் இருக்கிறார்களோ! இதற்கு நாம் அளிக்கும் பதிலில் அவர்களின் ஈமான் அடங்கியிருக்கிறது.

நம்மிடையே இரு வகையினர் இதற்குத் தவறாகப் பதில் கூறுகின்றனர். ஒரு சாரார், நிலவியலைப் படிப்பதே ஈமானுக்கு ஊறு என்று அஞ்சிப் பிள்ளையின் வாயை அடைக்கின்றனர். பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுகளே வயது என்னும் கணக்கு நம் மறையில் உள்ளதன்று. அயர்லாந்துக் கிறித்தவப் பேராயர் உஷர் 1650-இல் வெளியிட்ட கணக்கில், கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டது என்று வரையறுத்தார். திருக்குர்ஆன் பூமிக்கு வயது எதனையும் குறிப்பிடவில்லை. இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்று ஓரிடத்திலும் (22:47), ஐம்பதாயிரம் ஆண்டுகள் அளவுள்ள ஒரு நாளைப் பற்றி வேறோரிடத்திலும் (70:4) அது பேசுகிறது. படைப்பின் ஆறு நாட்கள் எத்தகையவை என்பதில் முற்கால விரிவுரையாளர்களே ஒரே கருத்தினராய் இருக்கவில்லை. மறை பூட்டாத கதவை நாம் ஏன் பூட்ட வேண்டும்?

மற்றொரு சாரார் இதற்கு நேர் எதிரானவர்கள். அறிவியல் ஒன்றைக் கண்டுபிடித்த மறுநாளே, அது எங்கள் வேதத்தில் முன்பே உள்ளது என்று வசனத்தை வளைத்துப் பொருத்திக் காட்டுவார்கள். இவர்களின் ஆர்வம் போற்றத்தக்கதே; வழி சரியன்று. அறிவியல் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே செல்வது. அதுதான் அதன் நேர்மை. இன்றைய முடிவுக்கு மறையைச் சாட்சியாக நிறுத்தினால், நாளை அம்முடிவு மாறும்போது மறையை எங்கே நிறுத்துவீர்கள்? திருக்குர்ஆன் நிலவியல் பாடநூல் அன்று. 88-ஆவது அத்தியாயம், ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் குறிப்பிட்டு, அவை எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்க்கமாட்டார்களா என்றே வினவுகிறது. பார்க்கும் பொறுப்பை நம்மிடம் விட்டது. விடையை எழுதித் தந்து நம் கண்ணை மூடவில்லை.

முன்னோர் நடந்த பாதை

நம் முன்னோர் அவ்வாறுதான் பார்த்தார்கள். 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி, இந்தியாவைப் பற்றிய தம் நூலில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். மலைக்கு அருகே ஆறு வேகமாய்ப் பாயும் இடத்தில் உருண்டைக் கற்கள் பெரியனவாக உள்ளன; மலையை விட்டு விலக விலக அவை சிறுக்கின்றன; ஆறு கடலை அணுகும் இடத்தில் மணலாகிவிடுகின்றன. இதிலிருந்து அவர், இந்நாட்டின் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் காலத்தவரான இப்னு சீனா, 'ஷிஃபா' என்னும் தம் பெருநூலில் மலைகள் தோன்றும் வகையை ஆராய்ந்தார். நிலம் மேலெழுவதால் மலை உண்டாகலாம். நீர் மென்மையான பகுதியை அறுத்துப் பள்ளமாக்க, கடினமான பகுதி எஞ்சி மலையாக நிற்கவும் கூடும். இதற்கு மிக நீண்ட காலம் தேவைப்பட்டிருக்கும் என்றார். அப்பகுதி லத்தீன் மொழிக்குச் சென்று, அரிஸ்டாட்டிலின் எழுத்து என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் கருதப்பட்டது. கண்டிக்கோட்டையைக் காணாமலேயே கண்டிக்கோட்டை உருவான முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதிச் சென்றார். நீண்ட காலத்தைக் கண்டு அவர் மிரளவில்லை. நாம் மட்டும் ஏன் மிரள வேண்டும்?

நாகமலையின் அடியில்

கடல் கடந்து போனால்தான் இந்தக் காட்சி கிடைக்கும் என்று எண்ணற்க. மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், பாம்பு படுத்திருப்பது போல் நீண்டு கிடக்கும் நாகமலையை நாகமலை புதுக்கோட்டை வாசிகள் நாள்தோறும் காண்கிறார்கள். அங்கே பெரும் பள்ளம் எதுவும் இல்லையே என்று தோன்றும். நிலவியல் அறிஞர்கள் சொல்வது வேறு. மதுரை வட்டாரப் பாறைகள் பல, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் 25 கிலோமீட்டர் அளவுள்ள ஆழத்தில், 900 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தில் வெந்து உருமாறியவை. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா முதலிய நிலப்பகுதிகள் மோதி ஒன்றிணைந்த காலம் அது. அவ்வாறு ஆழத்தில் வெந்த பாறை வகைகளுள் ஒன்றுதான் சார்னோக்கைட். கல்கத்தாவில் அடக்கமாகியுள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கல்லை ஆராய்ந்து, ஹாலந்து என்னும் அறிஞர் 1893-இல் அப்பெயரை இட்டார். மண்ணறையின் பெயரைத் தாங்கிய பாறை!

ஆழத்தில் வெந்த பாறை இன்று வெயிலில் நிற்கிறது என்றால், அதற்கு மேலிருந்த 25 கிலோமீட்டர் கனம் எங்கே போயிற்று? பூமி மெல்ல மெல்ல மேலெழ, வெயிலும் மழையும் ஆறும் அதைத் துகள் துகளாக அரித்துச் சென்றன. அமெரிக்கப் பள்ளத்தாக்கின் ஆழம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. நம் மதுரைச் சமவெளியிலிருந்து அகற்றப்பட்டதோ அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே சுவர்கள் எஞ்சியிருப்பதால் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே சுவர்களும் கரைந்துவிட்டதால் தெரியவில்லை. நாகமலைச் சாலையில் பேருந்துக்கு நிற்பவர், சுவரில்லாத ஒரு பெரும் பள்ளத்தின் அடியில் நிற்கிறார். இதனை அறிந்தபின் அம்மலையை முன்போல் பார்க்க இயலுமா? மலையின் வரியைக் கூறியபின் அறிஞனின் அச்சத்தைக் கூறியதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

அச்சத்தின் அடையாளம்

ஆனால் வியப்பு வேறு, அச்சம் வேறு. வியப்பு விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடும். அச்சம் நம்மோடு வீட்டுக்கு வந்து நம் செயலைத் திருத்தும். பூமியில் செருக்கோடு நடக்காதே, உன்னால் பூமியைப் பிளக்கவும் முடியாது, உயரத்தில் மலையை எட்டவும் முடியாது என்னும் கருத்துப்பட 17-ஆவது அத்தியாயம் மனிதனை எச்சரிக்கிறது. இன்று வெடிமருந்தும் இயந்திரமும் கைக்கு வந்ததும், மலையைப் பிளந்துவிட்டேன் என்று மனிதன் எண்ணுகிறான். 55 கோடி ஆண்டுகள் பிடித்து வெளிவந்த குன்று சில ஆண்டுகளில் பலகைகளாக அறுபட்டுக் கப்பல் ஏறுகிறது.

மதுரை மாவட்டம் இதனை நன்கு அறியும். கிரானைட் முறைகேடுகளை ஆராய 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் இ.ஆ.ப. அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது, அவர் 2015-இல் அறிக்கை அளித்தார். மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனையும் உள்ளடக்கிய பகுதிக்கு 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது ஊர் மக்கள் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. கோயிலுக்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் தேவாலயத்துக்குச் செல்வோரும் ஒருமித்து மகிழத்தக்க முடிவு அது.

கல்லையே உடைக்கலாகாது என்று நான் கூறவில்லை. வீட்டுக்கும் சாலைக்கும் பள்ளிவாசலுக்கும் கல் வேண்டும். இறைவன் பூமியை நம் பயனுக்காகவே அமைத்தான். ஆயினும் பயன் கொள்வதற்கும் விரயம் செய்வதற்கும் இடையே ஓர் எல்லை உண்டு. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்னும் கருத்துடைய நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஆறாவது அடுத்த மழையில் நிறைந்துவிடும். அறுபட்ட மலை நிறைவதில்லை. அப்படியாயின் மலையின் விஷயத்தில் நாம் எத்துணைப் பேணுதலோடு இருக்க வேண்டும்! உஹது மலையைப் பற்றிப் பேசும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை நம்மை நேசிக்கும் மலை என்றும், நாம் நேசிக்கும் மலை என்றும் குறிப்பிட்டார்கள். மலையை விலைப்பொருளாக மட்டும் காண்பவனுக்கு அந்தச் சொல்லின் இனிமை எட்டுமா?

மத்ரஸாக்களை நடத்தும் பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர்களை அருகிலுள்ள ஒரு குன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை, அவர் எச்சமயத்தவராயினும், உடன் வரவழையுங்கள். அவர் பாறையின் வரிகளை விளக்கட்டும். பிறகு அவ்விடத்திலேயே அமர்ந்து 35-ஆவது அத்தியாயத்தின் அவ்விரு வசனங்களை ஓதி விளக்கம் சொல்லுங்கள். கிதாபில் படித்த 'கஷ்யத்' என்னும் சொல்லுக்கு அன்று அப்பிள்ளைகள் பொருள் காண்பார்கள். கவலையோடு என்னிடம் கேட்ட அந்த மாணவருக்கும் நான் சொன்னது இதுவே: "தம்பி, கோடி ஆண்டுகள் என்று கேட்டதும் உன் இறைவன் சிறியவனாகிவிட்டானா? நாம்தாம் சிறியவர்களாகிவிட்டோம். அது நல்லதே."

கல்லைவிடக் கடினமாகிவிட்ட உள்ளங்களைப் பற்றித் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. கற்களிலாவது ஆறுகள் பீறிட்டு வருபவை உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுபவையும் உண்டு என்று அது ஒப்பிட்டுக் காட்டுகிறது. வடபெண்ணைக்குக் கல் வழி விட்டது. ஆண்டுக்கு நகக்கனம்கூட இல்லாத நீரின் தொடுதலுக்கு மலையே நெகிழ்ந்தது. நாள்தோறும் ஐந்து வேளை நம் உள்ளத்தைத் தொட்டுச் செல்லும் அழைப்புக்கு நாம் எவ்வளவு நெகிழ்ந்திருக்கிறோம் என்பதை அவரவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக.

வல்ல நாயன் தன் படைப்புகளைக் கண் திறந்து காணும் அறிவையும், கண்டபின் பணியும் உள்ளத்தையும், பணிந்தபின் பேணும் கரங்களையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.